இடுகுறியோ, காரணமோ?
கணினி விளையாட்டுப் பாடல்களின் பெயர்கள் பற்றி ஒரு பாடம்



பெயர்ச்சொற்கள் இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என இருவகைப்படும் என்பதை மேல்வகுப்பு மாணவர் அறிவர். காரணம் எதுவும் தோன்றாமல் முன்னோர் இட்டு வழங்கியது இடுகுறிப்பெயர். யாதேனும் ஒரு காரணம் பற்றி வந்தது காரணப்பெயர். மண், மரம் என்பன முன்னையதற்கும், பறவை, நாற்காலி என்பன பின்னையதற்கும் காட்டப்படும் உதாரணங்கள். ஊரிலே நான் கரும்பலகையில் எழுதியவையும் இவையே. எனக்குக் கற்பித்த ஆசிரியர் எழுதியவையும் இவையே. இவ்வளவு காலம் உழைத்த நாற்காலிக்குச் சற்று ஓய்வு கொடுத்து, இம்மலரில் வேறிடத்திலிருந்து உதாரணம் தேடுவோம்.

இடைவேளையில் எம் பிள்ளைகள் முணுமுணுக்கும் மெட்டுக்களுட் பல, கணினி விளையாட்டுக்களில் வருவன. தாத்தா பாட்டிமார் அறியும்பொருட்டு ஒரு விளக்கம்: இவ்விளையாட்டுக்களில் காட்சிக்குக் காட்சி, ஊருக்கு ஊர், எதிரிக்கு எதிரி தனித்தனி இசை உண்டு. தேர்ந்த இசையமைப்பாளர்கள் அவற்றை ஆக்குகின்றனர். பின்னர் அவை இசைத்தட்டுக்களாகவும் வெளிவருகின்றன. ஒவ்வோர் உருப்படிக்கும் உரிய பெயரை அத்தட்டின் உறையிலேதான் காணலாம்; விளையாடும்போது திரையில் அது பெரும்பாலும் தோன்றுவதில்லை. ஆகவே பிள்ளை மெட்டை அறியும், பெயரை அறியாது. பெயரை அறிந்த பிள்ளையும் பொருளை அறிவது அரிது. ஏனெனில், இப்பெயர்களுட் பெரும்பகுதி யப்பானிய மொழியிற் பிறந்து, ஆங்கிலத்துக்குக் குடிபெயர்ந்து, அதன் பின்னரே எம் வீடுகளை வந்தடைகின்றன. குடிபெயரும்போது ஒரு பெயர் எதனை எடுத்துச் செல்கிறது, எதனை விட்டுச் செல்கிறது என்பதே இப்பாடத்தின் பொருள்.

பெட்டி சுமந்தவன் பாட்டு

பெரியோரும் அறிந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம். மேலிருந்து விழும் கட்டைகளை இடைவெளியின்றி அடுக்கும் ரெற்றிஸ் என்னும் விளையாட்டை 1984 இல் மொஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் என்பார் ஆக்கினார். ஒவ்வொரு கட்டையும் நான்கு சதுரங்களால் ஆனது. நான்கைக் குறிக்கும் 'ரெற்றா' என்னும் கிரேக்கச் சொல்லையும், 'ரெனிஸ்' என்னும் விளையாட்டின் பெயரையும் ஒட்டிச் செய்த காரணப்பெயர் அது. 1989 இல் நின்ரெண்டோ நிறுவனத்தின் கையடக்கக் கருவியான கேம் போயில் அவ்விளையாட்டு வெளிவந்தபோது, ஹிரோகசு தனாகா ஒரு ரஷ்ய நாட்டுப் பாடலின் மெட்டை அதற்கு அமைத்துக் கொடுத்தார். இன்று உலகெங்கும் 'ரெற்றிஸ் பாட்டு' எனப்படுவது அதுவே. விளையாட்டினுள் அதற்குக் கொடுக்கப்பட்டிருந்த பெயர் 'ஏ வகை' என்பது மட்டுமே. இடுகுறியினும் இடுகுறி!

அதன் உண்மைப் பெயர் 'கொரோபெய்னிக்கி'. 'கொரொப்' என்பது ஒருவகைப் பெட்டி. அப்பெட்டியைச் சுமந்து ஊரூராகச் சென்று துணிமணி விற்பவன் கொரோபெய்னிக். எங்கள் ஊர்களிற் துணி மூட்டையைச் சைக்கிளிற் கட்டி வந்த வியாபாரியை நினைத்துக்கொள்க. நிக்கொலாய் நெக்ராசொவ் என்னும் கவிஞர், ரஷ்யாவிற் பண்ணையடிமை முறை ஒழிக்கப்பட்ட அதே 1861 ஆம் ஆண்டில், இப்பெயரில் ஒரு நெடுங்கவிதை எழுதினார். அதில் இளம் வியாபாரி ஒருவன் தன் பெட்டியைத் திறந்து காட்டி ஒரு பெண்ணோடு பேரம் பேசுவதும், அப்பேரம் காதலாவதும் வரும். மக்கள் எடுத்துப் பாடியது அப்பகுதியைத்தான். கவிதையின் முடிவிலோ அவ்வியாபாரிகள் காட்டு வழியிற் கொள்ளையிடப்பட்டுக் கொல்லப்படுகின்றனர். பாடலில் அம்முடிவு இல்லை. விளையாட்டிலே சொல்லே இல்லை. முதலிற் கதையின் முடிவு போயிற்று. அடுத்துச் சொற்கள் போயின. ஈற்றிற் பெயரும் போயிற்று. மெட்டு மட்டும் எஞ்சிற்று. பெட்டி சுமந்தவன் பாட்டு, பெட்டி போன்ற கட்டைகளை அடுக்கும் விளையாட்டை வந்தடைந்தது தற்செயலாகவே இருக்க வேண்டும். ஆயினும் பொருத்தம் பொருத்தமே.

மறவாமைப் பூ

போக்கிமொன் விளையாட்டை அறியாத பிள்ளை இப்பாடசாலையில் இல்லை. 1996 இல் யப்பானில் வெளிவந்த அதன் முதற் பதிப்பில், இறந்த உயிரினங்களை அடக்கம் செய்யும் கோபுரம் ஒன்றுடைய ஊர் வரும். ஆங்கிலத்தில் அதன் பெயர் லாவெண்டர் ரவுண். ஜூனிச்சி மசூதா அமைத்த அவ்வூரின் இசை கூரிய ஒலியுடையது, அச்சந் தருவது. அதைக் கேட்ட பிள்ளைகளுக்குத் தீங்கு நேர்ந்தது என உலாவும் கதை வெறும் கட்டுக்கதை, அஞ்ச வேண்டா.

அவ்விளையாட்டின் ஊர்ப்பெயர்கள் நிறங்களை ஒட்டியவை. கதாநாயகன் பிறந்த ஊர் மசாரா. எதுவும் தீட்டப்படாத வெண்மையை நினைவூட்டும் பெயர். நிபி என்பது கருஞ்சாம்பல். குச்சிபா என்பது உதிர்ந்து மக்கும் இலையின் நிறம். கல்லறை ஊரின் யப்பானியப் பெயர் ஷியோன். அது மென்னீலச் சிவப்பில் மலரும் ஒரு பூ. மொழிபெயர்த்தோர் நிறத்தைக் கைவிடாது, அதே சாயலுடைய வேறொரு பூவைத் தேடி லாவெண்டர் என்று வைத்தனர். நிறம் பிழைத்தது. ஆனால் ஷியோன் என்ற பெயரைக் கேட்கும் படித்த யப்பானியர் உள்ளத்தில் நிறம் மட்டுமா தோன்றும்?

யப்பானில் ஏறத்தாழ 12 ஆம் நூற்றாண்டிற் தொகுக்கப்பட்ட 'கொன்ஜாகு மொனொகதாரி' என்னும் பெருங் கதைத்தொகுதி ஒன்று உண்டு. அதில் ஒரு கதை: தந்தையை இழந்த இரு சகோதரர் நாள்தோறும் கல்லறைக்குச் சென்று அழுதனர். ஆண்டுகள் சென்றன. அரச பணியில் இருந்த அண்ணனுக்கு நேரம் வாய்க்கவில்லை. துயரத்தோடு பணி செய்யவும் இயலவில்லை. மறதியைத் தரும் என்று நம்பப்பட்ட ஒரு பூஞ்செடியைக் கல்லறையருகே நட்டான்; மறந்தான். தம்பி அதனைக் கண்டு மனம் நொந்து, நான் மறவேன் என்று, மறவாமையைத் தரும் செடியை நட்டான். அச்செடியே ஷியோன். அவன் நாள் தவறாது வந்தான். கல்லறையைக் காத்து நின்ற பூதம் ஒன்று அவனது அன்பைக் கண்டு இரங்கி, வரவிருக்கும் நன்மை தீமைகளைக் கனவிலே முன்னறியும் ஆற்றலை அவனுக்கு அளித்ததாம்.

பெயர் வைத்தோர் இக்கதையை எண்ணி வைத்தனரோ, நிற வரிசைக்காக மட்டும் வைத்தனரோ, எப்படியாயினும் அப்பெயரில் அந்த நினைவு படிந்திருக்கிறது. இறந்தோரை நினைக்கும் ஊருக்கு மறவாமைப் பூவின் பெயர். லாவெண்டரில் இது இல்லை. அங்கே சவர்க்கார வாசனைதான் வரும். மொழிபெயர்த்தவரைக் குற்றஞ் சொல்லேன். ஒரு பெட்டியில் இரண்டு பொருள் இருந்து, ஒன்றைத்தான் எடுத்துப் போகலாம் என்றால், கையில் அகப்பட்டதைத்தானே எவரும் எடுப்பர். கல்லறைக்குப் போக முடியாத தொலைவில் வாழும் எமக்கு, அந்த அண்ணனைக் குறைகூறவும் மனம் வராது.

ஒரு சொல், பல பொருள்

ஒரு சொற்றொடர் ஒரு பொருளுக்கு மேற்பட்டுத் தருவதைச் சிலேடை என்பர். இரட்டுற மொழிதல் என்பதும் அதுவே. பாம்பையும் எள்ளையும் ஒரே பாட்டில் அடக்கிய காளமேகப் புலவரை நீங்கள் அறிவீர்கள். சொல் நின்றபடி நின்றே வேறு பொருள் தந்தால் அது செம்மொழிச் சிலேடை என்றும், பிரித்துப் பொருள் கொள்ள வேண்டியிருந்தால் அது பிரிமொழிச் சிலேடை என்றும் தண்டியலங்காரம் வகுக்கும். இவ்விரண்டும் எமக்கு மட்டும் உரியவை அல்ல.

2004 இல் வந்த மெற்றல் கியர் சொலிட் என்னும் விளையாட்டின் மூன்றாம் பாகத்தில், சிந்தியா ஹரல் பாடிய 'ஸ்னேக் ஈற்றர்' என்றொரு பாடல் உண்டு. சொல்லுக்குச் சொல் 'பாம்பு தின்பவன்'. கதை 1964 இல் சோவியத் நாட்டுக் காட்டில் நடக்கிறது. கதாநாயகன் பசிக்குப் பாம்பைப் பிடித்துத் தின்பான். இது முதற் பொருள். அமெரிக்கச் சிறப்புப் படையினருக்குப் 'பாம்பு தின்னிகள்' என்றொரு பட்டப்பெயர் உண்டு, அவன் அத்தகைய வீரன், இது இரண்டாவது. அவன் வெல்ல வேண்டிய கூட்டத்தின் பெயர் 'கோப்ரா', அதாவது நாகம், இது மூன்றாவது. அவனுடைய இரகசியப் பெயரே 'பாம்பு'. தன்னைத் தானே தின்பவன் என்று நான்காவதாகவும் கொள்ளலாம். காளமேகம் கேட்டிருந்தால் ஒரு வெண்பாவேனும் பரிசளித்திருப்பார்.

2007 இல் வந்த போர்ட்டல் என்னும் விளையாட்டின் முடிவிற் பாடப்படும் 'ஸ்ரில் அலைவ்' என்பதும் இவ்வகையே. ஆக்கியவர் ஜொனதன் கோல்ரன். பாடியவர் எலன் மக்லெயின். ஆடுபவர் அழித்துவிட்டதாக எண்ணிய கொடிய கணினி, கதை முடிந்த பின் தானே பாடுகிறது. 'ஸ்ரில்' என்பது 'இன்னும்' எனவும் பொருள்படும், 'ஆயினும்' எனவும் பொருள்படும். 'இன்னும் உயிரோடு' என்றால் அது செய்தி. 'ஆயினும் உயிரோடு' என்றால் அது வீம்பு. தமிழில் இவ்விரண்டையும் ஒரே சொல்லால் தர முயன்றேன். 'இருந்தும்' என்பது ஓரளவு கிட்ட வருகிறது.

இனிக் கட்டமாரி டமாசி. 2004 இல் கெய்த்தா தக்காஹாஷி ஆக்கிய இவ்விளையாட்டில், சிறு இளவரசன் ஒருவன் ஓர் உருண்டையை உருட்டிச் செல்வான். வழியில் உள்ள ஊசி முதல் மலை வரை யாவும் அதில் ஒட்டிக்கொள்ளும். திரண்ட உருண்டைகள் விண்மீன்களாகும். உருளும் கல்லிற் பாசி ஒட்டாது என்பது ஆங்கிலேயர் பழமொழி. யாவும் ஒட்டும் இவ்வுருண்டைக்குரிய பாடலொன்றுக்கு, அக்கல்லை விண்மீனாக மாற்றி, 'தனித்து உருளும் விண்மீன்' என்று பொருள்படப் பெயரிட்டிருக்கிறார்கள். ஊர் ஊராக உருண்டவர்களுக்கு எதுவும் ஒட்டாது என்று எவர் சொன்னார்? எங்கள் வீட்டுச் சமையலறையில் மூன்று நாட்டுச் சாமான்கள் உள்ளன.

அதே விளையாட்டின் இன்னொரு பாடல் 'கட்டமாரித்தாய்னொ'. 'கட்டமாரி' என்பது திரட்சியைக் குறிக்கும் பெயர். 'திரள்' என்னும் வினையிற் பிறந்தது. யப்பானிய மொழியில் வினையோடு 'தாய்' சேர்ந்தால் விருப்பப் பொருள் வரும். எனவே அப்பெயர், விளையாட்டின் பெயரைச் சொல்வது போலத் தொடங்கி, 'நானும் திரண்டு சேர வேண்டும்' என்று முடிகிறது. ஆங்கிலத்தில் 'என்னையும் உருட்டிச் சேர்' என்ற அளவில் பொருள் வந்தது, சொல்விளையாட்டு வரவில்லை. தமிழுக்கு இது எளிது! திரள் என்பது முதனிலைத் தொழிற்பெயர். பெயராகவும் நிற்கும், வினையடியாகவும் நிற்கும். 'திரளவேண்டும்' என்றாற் போதும். இலக்கணம் எதற்கு என்று கேட்கும் பிள்ளைகள் இவ்விடத்தைக் குறித்துக்கொள்க.

ஒலியொன்றாகிப் பொருள் வேறாதலும் உண்டு. பைனல் பன்ரசி ஆறாம் பாகத்தில் (1994), உலகையே அழிக்கத் துணியும் கோமாளி ஒருவனோடு நிகழும் இறுதிப் போருக்கு நொபுவோ உவெமட்சு அமைத்த நான்கு பகுதி இசையின் பெயர் 'யோசெய் ரன்பு'. எழுதியபடி பொருள் கொண்டால் 'தீநிமித்த விண்மீனின் வெறியாட்டம்'. காதால் மட்டும் கேட்டாலோ 'யோசெய்' என்பது வனதேவதையையும் குறிக்கும். ஆங்கிலத்தார் விண்மீனையும் தேவதையையும் விட்டுவிட்டு 'டான்சிங் மாட்' என்றனர், ஆடிப் பித்தேறல். இழந்தது உண்டு. ஆயினும் அக்கோமாளிக்குப் பித்து என்ற சொல் எவ்வளவு பொருத்தம்! இத்தகைய மொழிபெயர்ப்பை நான் மெச்சுகிறேன்.

2002 இல் வந்த கிங்டம் ஹார்ட்ஸ் விளையாட்டின் பாடல் 'ஹிக்காரி', அதாவது ஒளி. எழுதிப் பாடியவர் உத்தாடா ஹிக்காரு. அவரது பெயரை எழுதும் எழுத்தும் ஒளி என்னும் அதே எழுத்துத்தான். வாசிப்பு மட்டும் வேறு. தீட்சிதர் தம் கீர்த்தனைகளிற் 'குருகுஹ' என்று முத்திரை வைத்தது போல, இவர் தலைப்பிலேயே தம் பெயரை வைத்துவிட்டார். ஆங்கில வடிவத்துக்கு 'எளிமையும் தூய்மையும்' என்று வேறொரு பெயர். அங்கே முத்திரை அழிந்தது.

எழுத்து மாற்று

எமது சித்திரகவிகளில் மாலைமாற்று முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒன்றாகவே படிக்கப்படும். ஆங்கில எழுத்துக்களை இடம் மாற்றிப் புதுச்சொல் ஆக்குவது அதற்கு ஒன்றுவிட்ட தம்பி எனலாம். பைனல் பன்ரசி எட்டாம் பாகத்தின் (1999) தொடக்கப் பாடல் 'லிபேரி பத்தாலி'. இலத்தீனில் 'விதிவழிப்பட்ட பிள்ளைகள்'. அப்பாடலில் எம்மொழிக்கும் உரியதல்லாத நான்கு சொற்கள் உள்ளன. அவற்றின் 23 எழுத்துக்களையும் கலைத்து அடுக்கினால், 'சூனியக்காரிகளின் வழிமுறை' என்பதற்கான ஆங்கிலத் தொடரும் 'அன்பு' என்பதற்கான ஆங்கிலச் சொல்லும் எழுத்து மிஞ்சாமல் வருகின்றன. நம்பாதோர் தாளில் எழுதி எண்ணிப் பார்க்கலாம், நான் எண்ணினேன். கதையின் கருவும் அவ்விரண்டே.

ரோபி பொக்ஸ் ஆக்கிய அண்டர்ரேல் (2015) என்பதன் எழுத்துக்களை மாற்றினால் அவரது அடுத்த விளையாட்டான டெல்ராரூன் (2018) என்பதன் பெயர் வரும். பிள்ளைகள் மேசையில் தாளம் போடும் 'மெகலோவேனியா' என்னும் உருப்படியும் அவருடையதே. 1994 இல் யொக்கோ ஷிமொமுரா வேறொரு விளையாட்டுக்கு அமைத்த 'மெகலோமேனியா' என்னும் இசையின் பெயரினின்று அது பிறந்தது. மூலப்பெயருக்குத் தற்பெருமைப் பித்து என்று பொருள். ஓர் எழுத்து மாறியதும் பொருள் கழன்று ஓசை மட்டும் நின்றது. காரணப்பெயர் எம் கண்முன்னே இடுகுறியாயிற்று. அண்டர்ரேலில் இன்னும் கூரிய ஒன்று உண்டு. ஆடுபவருக்கு 'அன்பு' வளர்கிறது என்று திரை காட்டிக்கொண்டே வரும். அச்சொல் 'வன்முறையின் மட்டம்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம் என்பது கடைசியிலேதான் தெரியும். மகிழ்ந்து சேர்த்த பிள்ளை அவ்விடத்திற் திகைக்கும். சொல்லைப் பொருள் அறியாமற் சேர்த்தால் இப்படியும் நேரும்.

பொருளில்லாப் பாட்டும் பொருளுள்ள பாட்டும்

2010 இல் வந்த நியர் என்னும் விளையாட்டுக்கு இசையமைத்தவர் கெய்ச்சி ஒக்காபே. பாடியவர் எமி எவன்ஸ். இன்றைய மொழிகள் ஆயிரம் ஆண்டு கழிந்தபின் எவ்வாறு ஒலிக்கும் என்று கற்பனை செய்து, எவன்ஸ் தாமே சொற்களை ஆக்கினார். ஒரு பாடல் பிரெஞ்சு போல இருக்கும். மற்றொன்று கேலிக் போல இருக்கும். எம்மொழியாளர்க்கும் அது விளங்காது. அவற்றுள் ஒன்றன் பெயர் 'முன்னோர் பாடல்'. முன்னோர் பாடியது, ஓசை இனியது, பொருள் எவர்க்கும் தெரியாது. இப்பெயரைக் கண்டபோது நான் நெடுநேரம் அடுத்ததை எழுதவில்லை.

இவ்விழா மேடையிலும் முன்னோர் பாடல்கள் ஒலிக்கும். சில பிள்ளைகள் அவற்றை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்து மனனம் செய்திருப்பர். சுருதி சுத்தமாக இருக்கும், ழகரமும் பிசகாது. கைதட்டுவோம், தட்டத்தான் வேண்டும். தாலாட்டின் பொருள் அறிந்தா குழந்தை உறங்குகிறது, ஓசை முதலில் உட்புகட்டும், பொருள் பின்னர் வரும் என்று பெற்றோர் சிலர் கூறுவர். அது உண்மையே. ஆனால் எவன்ஸ் பாடலிற் பொருள் இல்லை என்பதைக் கேட்போர் அறிவர். எமது பாடலில் பொருள் இருக்கிறது; பாடும் பிள்ளை மட்டும் அறியாது. பின்னர் வரும் என்ற அந்தப் பொருள், பதினெட்டு வயதிலும் வாராத பிள்ளைகள் உளர். மெட்டுத் தங்கிப் பெயர் போன ரெற்றிஸ் பாட்டுக்கு 'ஏ வகை' என்று பெயர் வைத்தாயிற்று. எமது பாடல்களுக்கு எந்த வகை என்று பெயர் வைப்பார்களோ?

அந்நிய மொழி என்பதாற் பொருள் எட்டாது என்பதும் இல்லை. சிவிலைசேஷன் நான்காம் பாகத்துக்கு (2005) கிறிஸ்ரோபர் ரின் அமைத்த 'பாபா யெத்து' சுவாஹிலி மொழியில் அமைந்தது. 'பாபா' என்றாற் தந்தை; 'யெத்து' என்றால் எம்முடைய. நாம் 'எம் தந்தை' என்போம். அவர்கள் 'தந்தை எம்' என்று உடைமைச் சொல்லைப் பின் வைப்பர். கிறிஸ்தவப் பிள்ளைகள் உடனே ஊகித்திருப்பர்: இது இயேசுநாதர் கற்பித்த செபம். 2011 இல் கிராமி விருது பெற்றது. கணினி விளையாட்டுக்காக ஆக்கப்பட்ட இசையொன்று அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை. இரண்டு சொல்லின் பொருளும் சொல் நிற்கும் முறையும் தெரிந்துவிட்டன. இனி அப்பாடலைக் கேட்கும்போது அது உங்களுக்கு வெறும் மெட்டு அன்று.

மேல்வகுப்பு மாணவர்க்குப் பயிற்சி: நீங்கள் விரும்பும் ஒரு விளையாட்டுப் பாடலின் பெயரை அதன் மூலமொழியில் தேடி, அது இடுகுறியோ காரணமோ என்று காட்டி, தமிழில் ஒரு பெயர் இடுக. சிலேடை இருப்பின் எவ்வகைச் சிலேடை என்று எழுதுக. அடுத்து, இவ்விழாவில் நீங்கள் பாடிய பாடலின் முதலிரண்டு அடிகளைச் சொற்பிரித்துப் பொருள் எழுதுக. வீட்டில் அம்மம்மா, அப்பப்பாவைக் கேட்கலாம், கேட்க வேண்டும். கீழ்வகுப்பினர் தம் பெற்றோர் பிறந்த ஊரின் பெயரில் மரமோ, குளமோ, நிறமோ உண்டா என்று விசாரித்து எழுதினாற் போதும். விழா முடிந்து வரும் முதற் சனிக்கிழமை தாள்களைத் தருக. பிழையோடு எழுதியவை ஏற்கப்படும். ஆங்கில எழுத்தில் எழுதியவை திருப்பித் தரப்படும்.